உளவுக் கதையில் வரும் காதலை நம்பலாமா?

காதல் கதைகளும் குடும்பக் கதைகளுமே படித்துப் பழகிய ஒருவர், தோழி கொடுத்தார் என்று அண்மையில் சில உளவு நாவல்களைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கிறார். அவர் சொன்னதன் சாரம் இது. யார் எந்த அமைப்பின் ஆள், எந்தப் புனைபெயர் யாருடையது என்பதே பிடிபடவில்லை. நடுவில் ஒரு காதல் வருகிறது, அது மூன்றே நாளில் முற்றிவிடுகிறது. காதலியோ காதலனோ கடைசியில் எதிரியின் ஆளாகத்தான் இருக்கப் போகிறார் என்ற சந்தேகம் முதல் சந்திப்பிலேயே வந்துவிடுவதால் எதையும் ரசிக்க முடியவில்லை. நிஜ உளவாளிகள் இப்படித்தானா? குறை புத்தகத்திலா, அல்லது எனக்குத்தான் இந்த வகை ஒத்துவரவில்லையா?

நான்கைந்து கேள்விகள் போலத் தெரிந்தாலும் உண்மையில் இவர் கேட்பது ஒன்றுதான்: இந்தக் காதலை நான் நம்பலாமா? அந்தக் கதைகளுக்குள் இருக்கும் ஆட்களும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே ஒத்துவரவில்லையோ என்ற கவலையை முதலில் விடுங்கள். கதை உங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டுமோ அங்கேதான் நிற்கிறீர்கள். பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்பது வேறு விஷயம், அதற்கு அப்புறம் வருகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. பதிப்பகத்துக்கு வரும் நாவல் பிரதிகளைப் படித்து, எடுக்கலாமா, எடுத்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்று எழுதிக்கொடுப்பது என் வேலை. துப்பறியும் கதை, உளவுக் கதை என்றால் பல வருடங்களாக என் மேசைக்குத்தான் வரும். அதனால் இந்தக் கதைகள் எப்படிக் கட்டப்படுகின்றன என்பதைப் பற்றிக் கொஞ்சம் உறுதியாகவே பேசுவேன். நிஜ உளவு பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அச்சில் வந்தது மட்டும். அச்சில் வருவதோ பெரும்பாலும் பிடிபட்டவர்களின் கதை, இல்லையென்றால் ஓய்வுபெற்ற அதிகாரிகள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிக்கொண்டது. பிடிபடாதவர்கள் எழுதுவதில்லை. நிஜம் பற்றி நான் சொல்லும் பகுதியை இந்தத் தள்ளுபடியோடு படியுங்கள்.

காதல் ஒட்டாமல் நிற்கிறது என்ற குறை இந்த வகைக் கதையின் பிறப்போடு வந்தது. 1903-ல் வெளியான எர்ஸ்கின் சைல்டர்ஸின் 'தி ரிடில் ஆஃப் தி சாண்ட்ஸ்' நவீன உளவு நாவலுக்கு முன்னோடி என்று பலரும் ஒப்புக்கொள்ளும் புத்தகம். இரண்டு ஆங்கில இளைஞர்கள் ஒரு சின்னப் பாய்மரப் படகில் ஜெர்மனியின் வடகடல் ஓரத்தில் சுற்றி, இங்கிலாந்தின் மீது படையெடுக்கும் திட்டம் ஒன்றை மோப்பம் பிடிப்பதுதான் கதை. அதில் கிளாரா என்று ஒரு பெண் வருகிறாள். இந்தப் பெண்ணைக் கதைக்குள் திணிக்கும் அளவுக்குத் தான் பலவீனமாகிவிட்டதாகவும் அவள் பெரிய தொல்லையாக இருப்பதாகவும் சைல்டர்ஸே ஒரு கடிதத்தில் புலம்பியிருக்கிறார். அவர் புலம்பட்டும், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிளாராவின் அப்பாதான் அந்தக் கதையின் துரோகி. அந்த இரண்டு இளைஞர்களில் ஒருவனான டேவிஸ் அவளை விரும்புகிறான். அப்பாவைக் காட்டிக்கொடுத்தால் மகளின் வாழ்க்கை போய்விடும், கொடுக்காவிட்டால் நாடு போய்விடும். மணல் திட்டுகளையும் கடலின் ஏற்ற வற்றத்தையும் பற்றி அத்தனை பக்கங்கள் இருந்தும், அந்தப் புத்தகத்தில் நெஞ்சைப் பிசைவது இந்த ஒரு முடிச்சுதான்.

அடுத்து ஜான் பக்கன். 1915-ல் வந்த அவருடைய 'தி தர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்' நாவலில் காதலே கிடையாது. ஒருவன் ஓடுகிறான், துரத்துகிறார்கள், அவ்வளவுதான். 1935-ல் ஹிட்ச்காக் அதைப் படமாக்கியபோது ஒரு பெண்ணைச் சேர்த்தார். சேர்த்தது மட்டுமல்லாமல் நாயகனின் கையோடு கைவிலங்கு போட்டுக் கட்டிவிட்டார். அவளுக்கு அவன் மேல் நம்பிக்கை இல்லை, கொலைகாரன் என்றே நினைக்கிறாள். விலங்கோடு தம்பதிபோல் நடித்து ஒரு விடுதியில் தங்குகிறார்கள். அவன் தூங்கும்போது அவள் கையை நெளித்து விலங்கிலிருந்து உருவிக்கொள்கிறாள். ஓடிப்போகலாம் என்று வெளியே வந்தால், துரத்தி வந்தவர்கள் தொலைபேசியில் பேசுவது காதில் விழுகிறது. அவன் சொன்னதெல்லாம் உண்மை என்று தெரிகிறது. திரும்பி அறைக்குள் போகிறாள். அவளுக்கு உண்மை தெரிவதும் மனம் மாறுவதும் ஒரே நொடியில் நடக்கின்றன. உளவுக் கதையில் காதல் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று யாராவது கேட்டால் இந்தக் காட்சியைத்தான் சொல்வேன். காதலும் உளவும் ஒரே நாணயத்தில் கொடுக்கல் வாங்கல் செய்கின்றன. யாருக்கு என்ன தெரியும், யார் யாரிடம் எதை மறைக்கிறார், யார் எப்போது சொல்லப் போகிறார் என்பதே அந்த நாணயம். உளவுப் பகுதி ஒரு கணக்கிலும் காதல் பகுதி வேறு கணக்கிலும் ஓடினால்தான் ஒட்டுப்போட்டதுபோல் தெரியும்.

வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஒரு அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். சந்தேகம் எழாத தோற்றம், யார் முறைத்துப் பார்த்தாலும் அஞ்சாத மனம், எந்த நிலையிலும் உள்ளதை வெளியே விடாத திறமை, இவை உள்ளவனே ஒற்றன் என்கிறார். அவரே இன்னொரு இடத்தில் 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்' என்றும் கேட்கிறார். இரண்டையும் ஒரே ஆளுக்குள் வைத்துப் பாருங்கள், கதை தானாகக் கிளம்பும்.

பிரதிகளைப் படிக்கும்போது நான் செய்யும் சோதனை எளிமையானது. காதலை மொத்தமாக எடுத்துவிட்டுக் கதையை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். ரகசிய நடவடிக்கை அப்படியே நடந்து முடிந்தால் அந்தக் காதல் அலங்காரம். நடவடிக்கை எங்காவது தடுக்கி விழுந்தால் அது கதையின் உறுப்பு. என்னிடம் வருபவற்றில் அலங்காரம்தான் அதிகம். நாயகன் குண்டடி படுவான், அவள் கட்டுப்போடுவாள், அடுத்த பக்கத்தில் முத்தம். இதைப் படித்து உங்களுக்கு அலுத்துப் போனால் உங்கள் ரசனையில் ஒரு கோளாறும் இல்லை.

நல்ல விதமாகவும் வரும். ஒரு பிரதியில் (அது அச்சாகவில்லை, அதனால் பெயர் வேண்டாம்) கணவன் ஏதோ அரசு அலுவலகத்தில் எழுத்தர் என்று மனைவி நம்பிக்கொண்டிருக்கிறாள். ஒரு நாள் ராத்திரி தாமதமாக வருகிறான். 'ரயிலடியிலிருந்து நடந்தே வந்தேன், சரியான மழை' என்கிறான். வெளியே மழை பெய்வது நிஜம். ஆனால் கையிலிருக்கும் குடை காய்ந்திருக்கிறது. யாரோ வாசல்வரை காரில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அவள் எதுவும் கேட்கவில்லை. குடையை வாங்குகிறாள், ஈரத்தை உதறுவதுபோல் ஒரு உதறு உதறுகிறாள், ஈரக் குடைகளை எங்கே விரித்து வைப்பாளோ அங்கேயே விரித்து வைக்கிறாள். அப்புறம் சாப்பிடக் கூப்பிடுகிறாள். இவ்வளவுதான் காட்சி. அவளுக்குத் தெரிந்துவிட்டது, கேட்கப் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டாள், அதோடு அவளும் மறைக்கத் தொடங்கிவிட்டாள். வீட்டில் இப்போது இரண்டு உளவாளிகள். அதே பிரதியில் முப்பது பக்கத்துக்கு ஒரு கார் துரத்தலும் இருந்தது. அதைச் சுருக்கச் சொல்லி எழுதிக்கொடுத்தேன். ஆசிரியருக்கோ துரத்தல்தான் செல்லம்.

இந்த வகை உங்களுக்கு முற்றிலும் புதிது என்பதையும் நான் ஏற்க மாட்டேன். 'பொன்னியின் செல்வன்' படித்திருப்பீர்கள் அல்லது கதையாவது தெரிந்திருக்கும். கல்கி அதை 1950-லிருந்து 1954 வரை தொடராக எழுதினார். சரித்திர நாவல் என்றே அதை அலமாரியில் வைக்கிறோம். ஆனால் அதன் எந்திரம் முழுக்க உளவுக் கதையின் எந்திரம். ரகசிய ஓலை கொண்டுபோகும் தூதன், சதிக் கூட்டத்தை ஒளிந்திருந்து பார்ப்பது, முதன்மந்திரியின் ஒற்றனாக வேடம் கட்டித் திரியும் ஆழ்வார்க்கடியான், எல்லாம் இருக்கிறது. நந்தினி வந்தியத்தேவனிடம் பனை இலச்சினை மோதிரம் கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். காதல் கதையில் ஒரு பெண் ஓர் ஆணுக்கு மோதிரம் கொடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இங்கே அது தஞ்சைக் கோட்டைக்குள் போக அனுமதிச் சீட்டு. கூடவே அவனைத் தன் பிடிக்குள் வைத்துக்கொள்ள அவள் போடும் தூண்டில். பெரிய பழுவேட்டரையருக்கு அவள்மேல் இருக்கும் மோகத்தை எடுத்துவிட்டால் சதியே நகராது. என் சோதனையில் அந்த நாவல் சுலபமாகத் தேறிவிடும்.

இனி உங்கள் குறைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். பெயர்க் குழப்பம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கதைமாந்தருக்கே பாதிதான் தெரியும் என்பதால் உங்களுக்கும் பாதிதான் தரப்படுகிறது, வேண்டுமென்றேதான். ஜான் லெ காரே 1974-ல் எழுதிய 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' நாவலில் உளவுத்துறைக்கென்று ஒரு தனிக் குழூஉக்குறியே இருக்கும். அதில் பல சொற்கள் அவர் தாமே புனைந்தவை, எந்த விளக்கமும் தராமல் பயன்படுத்துவார். நூறு பக்கம் போனால் தானாகப் புரியும். அமைப்புகளின் பெயரையும் பதவிகளையும் மனப்பாடம் செய்ய முயலாதீர்கள். இவர் இவரிடம் எதை மறைக்கிறார் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். காதல் கதை படித்துப் பழகியவருக்கு இது கைவந்த கலை. உண்மையில் துப்பாக்கிக்காகப் படிக்கிறவர்களைவிட நீங்கள் இதில் ஒரு படி மேலே இருப்பீர்கள்.

மூன்று நாள் காதல் பற்றி. இதற்குக் கொஞ்சம் அறிவியல் முட்டுக்கொடுக்கவும் ஆட்கள் உண்டு. 1974-ல் டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரன் என்ற இரு உளவியலாளர்கள் கனடாவில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஆழமான பள்ளத்தாக்கின் மேல் ஆடும் தொங்கு பாலத்தைக் கடந்த ஆண்களையும், ஆடாத சாதாரணப் பாலத்தைக் கடந்தவர்களையும் ஒரு பெண் சந்தித்துச் சில கேள்விகள் கேட்டுவிட்டுத் தொலைபேசி எண்ணைக் கொடுத்தாள். தொங்கு பாலத்து ஆண்கள்தான் பின்னால் அவளை அதிகமாக அழைத்தார்கள். பயத்தில் அடித்துக்கொள்ளும் நெஞ்சை ஈர்ப்பு என்று மனம் எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் முடிவு. புகழ்பெற்ற ஆய்வுதான், ஆனால் ஆடும் பாலத்தில் ஏறத் துணிகிறவர்கள் இயல்பிலேயே வேறு மாதிரி ஆட்களாக இருக்கலாமே என்ற கேள்வி அப்போதிருந்தே உண்டு. எப்படியானாலும் அது காட்டுவது ஈர்ப்பைத்தான். ஒரு தொலைபேசி அழைப்புக்கும் ஒருவருக்காக நாட்டைக் காட்டிக்கொடுப்பதற்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைப் பல நாவல்கள் ஒரு அத்தியாய இடைவெளியில் தாண்டிவிடுகின்றன. ஆபத்தில் மனம் நெருங்கும் என்பதை நம்பலாம். அந்த நெருக்கம் அடுத்த மாதமும் இருக்கும் என்பதற்கு ஆசிரியர் ஏதாவது ஆதாரம் தருகிறாரா என்று பாருங்கள். தரவில்லை என்றால் உங்கள் எரிச்சல் நியாயமானது.

கெட்டிக்கார எழுத்தாளர்கள் இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஹெலன் மக்கின்னஸ் 1941-ல் எழுதிய 'அபவ் சஸ்பிஷன்' நாவலில் நாயகனும் நாயகியும் ஏற்கெனவே கணவன் மனைவி. ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் கோடை விடுமுறை என்ற பெயரில் ஐரோப்பாவில் ஒரு உளவாளியைத் தேடிப் போகிறார்கள். காதல் வளர வேண்டிய அவசியமே இல்லை. அது ஏற்கெனவே இருக்கிறது, சோதனைக்குத்தான் உள்ளாகிறது. ஒருவர் கண்ணசைவை இன்னொருவர் புரிந்துகொள்வது அங்கே காதலாகவும் இருக்கும், தொழில் உத்தியாகவும் இருக்கும். காதல் கதையிலிருந்து வருகிறவர்களுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது இதைத்தான்.

இனி சந்தேகம். என்னைக் கேட்டால் உங்கள் கேள்வியிலேயே கனமானது இதுதான். அழகான பெண் என்றால் ஆபத்தான பெண் என்ற எண்ணம் உளவுக் கதைகளில் ஊறிப்போனதற்கு மாட்டா ஹரி என்ற நடனக்காரி ஒரு பெரிய காரணம். உளவு பார்த்ததாகக் குற்றம்சாட்டி 1917 அக்டோபர் 15 அன்று பிரெஞ்சுக்காரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் சுடப்பட்டது உறுதி. உருப்படியான ரகசியம் எதையாவது அவர் யாருக்காவது கொடுத்தாரா என்பது மிகவும் சந்தேகம், வரலாற்றாசிரியர்களில் பலர் இல்லை என்றே நினைக்கிறார்கள். ஆனால் அந்த உருவம் மட்டும் நாவல்களுக்குள் குடியேறிவிட்டது. 1953-ல் இயன் ஃப்ளெமிங்கின் முதல் ஜேம்ஸ் பாண்ட் நாவல் வந்தது. அதிலும் காதல் உண்டு, அதன் முடிவை நான் சொல்லப் போவதில்லை. அதைப் படித்த தலைமுறை அதற்குப் பிறகு எந்தக் காதலியையும் சும்மா பார்க்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இந்தச் சந்தேகத்தோடு படிப்பது தவறில்லை. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம் என்பேன். 'இவள் துரோகியா' என்பது ஆமாம், இல்லை என்று இரண்டே விடை உள்ள கேள்வி. விடை கிடைத்ததும் புத்தகம் தீர்ந்துவிடும். 'இந்தக் காதல் யாருக்குப் பயன்படுகிறது' என்று கேட்டுப் பாருங்கள். காதலர்கள் இருவரும் உண்மையாகவே இருப்பார்கள், ஆனால் அந்த உண்மையை மூன்றாவது ஆள் ஒருவன் கருவியாக எடுத்துக்கொள்வான். நல்ல உளவு நாவல்களில் பாதி இங்கேதான் இருக்கின்றன.

சாமர்செட் மாம் முதல் உலகப் போரின்போது சுவிட்சர்லாந்தில் பிரிட்டிஷ் உளவுத்துறைக்காக வேலை பார்த்தவர். அந்த அனுபவத்தை வைத்து 1928-ல் 'ஆஷெண்டன்' என்ற கதைத் தொகுப்பை வெளியிட்டார். அதில் ஒரு கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. சந்திர லால் என்ற இந்தியப் புரட்சியாளரைப் பிரிட்டிஷார் பிடிக்க வேண்டும். அவரோ சுவிட்சர்லாந்தில் பத்திரமாக இருக்கிறார். விரேந்திரநாத் சட்டோபாத்யாயா என்ற நிஜப் புரட்சியாளரை மனதில் வைத்து உருவாக்கிய பாத்திரம் என்பார்கள். சந்திர லாலுக்கு ஜூலியா லசாரி என்ற நடனக்காரியின் மேல் காதல். அவளைப் பிடித்து, சிறைக்கு அனுப்புவோம் என்று மிரட்டி, ஏரியைத் தாண்டி பிரான்சுக்கு வரும்படி அவருக்குக் கடிதம் எழுத வைக்கிறார்கள். அழுகிறாள், மறுக்கிறாள், கெஞ்சுகிறாள், கடைசியில் எழுதுகிறாள். அவர் வருகிறார். பிடிபட்டதும் விஷம் குடித்து இறந்துபோகிறார். கதை வெளிவந்து நூறு வருடம் நெருங்குகிறது என்பதால் முடிவைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் முடிந்த பிறகு அவள் ஒன்று கேட்கிறாள்: அவரிடம் ஒரு கைக்கடிகாரம் இருந்தது, போன கிறிஸ்துமஸுக்கு நான்தான் வாங்கிக்கொடுத்தேன், விலை 12 பவுண்டு, அதைத் திருப்பித் தருவீர்களா? அவள் காதல் பொய் என்பதற்கு இது சாட்சி என்று சிலர் படிப்பார்கள். நான் அப்படிப் படிப்பதில்லை. அவளிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கியாயிற்று. கேட்டு வாங்கிக்கொள்ளக்கூடியதாக மிச்சம் இருந்தது அந்தக் கடிகாரம் ஒன்றுதான். இந்த இரண்டு வாசிப்பில் எது சரி என்று மாம் சொல்வதில்லை. அவள் துரோகியா என்று இங்கே கேட்டுப் பாருங்கள், அந்தக் கேள்வி எவ்வளவு மொண்ணை என்று தெரியும்.

1978-ல் வந்த இரண்டு நாவல்களை அடுத்தடுத்துப் படித்தால் இன்னொன்றும் தெளியும். கென் ஃபாலெட்டின் 'ஐ ஆஃப் தி நீடில்' ஒன்று, கிரஹாம் கிரீனின் 'தி ஹியூமன் ஃபேக்டர்' மற்றொன்று. முதலாவதில், இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் படையிறக்கம் பற்றிய பெரிய ரகசியத்தோடு தப்பி ஓடும் ஜெர்மன் உளவாளி புயலில் சிக்கி ஒரு தனித் தீவில் ஒதுங்குகிறான். அங்கே கசந்துபோன திருமண வாழ்க்கையில் வாழும் லூசி என்ற பெண் அவனிடம் மனதைப் பறிகொடுக்கிறாள். அவன் யார் என்பது நமக்கு முதலிலேயே தெரியும், அவளுக்குத் தெரியாது. சந்தேகம் என்ற சுமையையே ஃபாலெட் வாசகரிடமிருந்து இறக்கிவிட்டு, அவளுக்கு எப்போது தெரியும் என்ற பதைப்பை மட்டும் வைக்கிறார். மூன்று நாள் காதல்தான், ஆனால் பல வருடத் தனிமை அதற்குப் பின்னால் இருப்பதால் நம்ப முடிகிறது. கிரீனின் நாவலில் துப்பாக்கி வெடிக்கும் ஓசையே அரிது. பிரிட்டிஷ் உளவுத்துறையில் மேசை வேலை பார்க்கும் காஸில், தென்னாப்பிரிக்காவிலிருந்து தன் கறுப்பின மனைவி சாரா தப்பிவர உதவிய கம்யூனிஸ்டுக்கு நன்றிக்கடனாக, சோவியத் தரப்புக்குத் தகவல் கொடுக்கிறான். காதல் அங்கே துணைக்கதை என்று சொல்லவே முடியாது. குற்றத்தின் காரணமே அதுதான். வேகம் வேண்டுமென்றால் ஃபாலெட், மனம் வேண்டுமென்றால் கிரீன். எனக்குக் கிரீன்.

நிஜ உளவாளிகள் இப்படியா என்ற கேள்விக்கு வருகிறேன். காதலை ஒரு கருவியாகப் பயன்படுத்தியது நிஜம், அதில் ஐயமில்லை. பனிப்போர்க் காலத்தில் மார்க்கஸ் வுல்ஃப் தலைமையில் இருந்த கிழக்கு ஜெர்மனியின் வெளிநாட்டு உளவுப் பிரிவு, மேற்கு ஜெர்மனியின் அரசு அலுவலகங்களில் வேலை செய்த பெண் செயலர்களைக் குறிவைத்து ஆண்களை அனுப்பியது. 'ரோமியோக்கள்' என்றே அவர்களுக்குப் பெயர். கவனியுங்கள், நாவல்களில் மயக்குவது பெரும்பாலும் பெண், நன்றாகப் பதிவான நிஜத்தில் மயக்கியது ஆண்கள். சோவியத் உளவு அமைப்பான கேஜிபியும் இதைச் செய்தது. மேற்கு ஜெர்மனியின் தலைநகராக இருந்த பான் நகரத்து வெளியுறவு அமைச்சகத்தில் செயலராக இருந்த ஒரு பெண்ணின் வழக்கு 1967-ல் வெளியானது. கணவர் தன்னை மணந்துகொண்டதே உளவு வேலையின் பகுதியாகத்தான் என்று தெரிந்ததும் அவர் சிறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். கேப்ரியேலே காஸ்ட் என்பவரின் கதை வேறு மாதிரி. முனைவர் பட்ட ஆய்வுக்காக 1968-ல் கிழக்கு ஜெர்மனிக்குப் போன இடத்தில் ஒருவர் மேல் காதல் வந்தது. பிறகு மேற்கு ஜெர்மனியின் உளவு நிறுவனத்திலேயே ஆய்வாளராகச் சேர்ந்து, 1990-ல் பிடிபடும்வரை தகவல் அனுப்பிக்கொண்டிருந்தார்.

2010-ல் அமெரிக்காவில் பத்து ரஷ்ய உளவாளிகள் ஒரே நேரத்தில் கைதானார்கள். அவர்களில் பிள்ளை குட்டிகளோடு குடும்பம் நடத்திய தம்பதிகளும் உண்டு. ஒரு தம்பதியின் மகன்கள், பெற்றோர் உண்மையில் யார் என்பதே தங்களுக்குத் தெரியாது என்று சொன்னார்கள். நாவலில் இதை எழுதியிருந்தால் ஓவராக இருக்கிறது என்று நானே ஓரத்தில் குறித்திருப்பேன்.

ஆக, நிஜத்துக்கும் நாவலுக்கும் பெரிய வேறுபாடு வேகத்தில்தான். நிஜத்தில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பழகுகிறார்கள், வீட்டு வாடகை கட்டுகிறார்கள், உடம்பு சரியில்லாதபோது பார்த்துக்கொள்கிறார்கள். ஒரே இரவில் ரகசியத்தைக் கறந்துவிடும் மாயக்காரிக்குப் பதிவுகளில் வலுவான ஆதாரம் நான் படித்தவரை குறைவு. அனுப்பப்பட்டவர்களுக்கும் உண்மையான அன்பு வந்ததா என்பது இன்னும் மங்கலான இடம். வுல்ஃப் தன் நினைவுக்குறிப்புகளில் இந்த ரோமியோக்களைப் பற்றி எழுதியிருக்கிறார், ஆனால் அவர் அனுப்பி வைத்தவர். அனுப்பியவர் தரும் நற்சான்றிதழை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஏமாற்றப்பட்டவர்களின் தரப்பு தெரிய வேண்டுமானால் வெளிநாட்டு உளவு அல்லாத ஒரு நிகழ்வைப் பார்க்கலாம். பிரிட்டனில் போராட்டக் குழுக்களுக்குள் மாறுவேடத்தில் ஊடுருவிய காவலர்கள், அங்கிருந்த பெண்களோடு நீண்ட நாள் உறவில் இருந்தது பின்னர் அம்பலமானது. 2015-ல் லண்டன் பெருநகரக் காவல்துறை அப்படிப்பட்ட ஏழு பெண்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அந்த மாதிரிப் பெண்கள் சொல்வதைப் படித்தால், உளவு நாவல்கள் பெரும்பாலும் எழுதாமல் விட்டுவிடும் ஒன்று கண்ணில் படும். உண்மை தெரிந்த நாளோடு அவர்களுக்குக் கதை முடிவதில்லை. பழைய புகைப்படம் ஒவ்வொன்றையும் எடுத்து, இந்தச் சிரிப்பு நிஜமா, இந்தப் பயணம் வேலைக்காகவா என்று பின்னோக்கி விசாரிக்க வேண்டியிருக்கிறது. அங்கிருந்து தொடங்கும் ஒரு நாவல் என் மேசைக்கு வராதா என்று நான் காத்திருக்கிறேன்.

அடுத்து எதைப் படிப்பது? 'அபவ் சஸ்பிஷன்' ஏற்கெனவே சொன்னேன். 'ஆஷெண்டன்' கதைகள் தனித்தனியாக இருப்பதால் ஒன்று பிடிக்காவிட்டால் அடுத்ததற்குப் போய்விடலாம். பிறகு கிரீன். அதற்கும் பிறகு, லெ காரே 1963-ல் எழுதிய 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்'. சின்னப் புத்தகம். அதில் லிஸ் என்று ஒரு பெண், நூலகத்தில் வேலை பார்க்கிறாள், களைத்துப்போன ஓர் உளவாளியை விரும்புகிறாள், அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். இந்தக் காதல் யாருக்குப் பயன்படுகிறது என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் படியுங்கள். தயவுசெய்து முடிவை எங்கேயும் தேடிப் பார்த்துவிடாதீர்கள். படம் பார்ப்பதையும் ஒத்திவையுங்கள்.

ஒத்துவருமா என்ற கேள்விக்கு என்னிடம் உறுதியான விடை கிடையாது, ரசனைக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. நான் பின்பற்றும் ஒரு வழக்கத்தைச் சொல்கிறேன். புத்தகத்தின் பாதி வந்தும் காதலால் ஒரு ரகசியம்கூடக் கசியவில்லை, ஒரு முடிவுகூட மாறவில்லை என்றால், அந்த ஆசிரியருக்குக் காதலில் அக்கறை இல்லை என்று அர்த்தம். மூடி வைத்துவிடலாம். வேலைக்காகப் படிக்கும் என்னைப்போல் நீங்கள் கடைசிப் பக்கம்வரை போக வேண்டியதில்லை.

தொடர் நாவல்களை நடுவிலிருந்து படிக்கலாமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் படிக்கலாம், பாண்ட் கதைகளில் முன்பின்னாகப் போனாலும் பெரிய இழப்பில்லை. ஸ்மைலி என்ற உளவு அதிகாரியை வைத்து லெ காரே எழுதிய மூன்று நாவல்களை மட்டும், அதாவது 1974 ('டிங்கர் டெய்லர்'), 1977, 1979-ல் வந்தவற்றை, வரிசையாகத்தான் படிக்க வேண்டும். ஸ்மைலிக்கும் மனைவி ஆனுக்கும் இடையில் இருக்கும் விரிசலை எதிர்த்தரப்பின் தலைவன் எப்படி எடுத்தாள்கிறான் என்பது முதல் புத்தகத்தில் வருகிறது. அதற்கு ஸ்மைலி மூன்றாவதில்தான் கணக்குத் தீர்க்கிறார், அதுவும் எதிரி கையாண்ட அதே வழியில். இரண்டாவது மிக நீளம், பொறுமை போய்விட்டால் அதைத் தாண்டிவிட்டு மூன்றாவதற்குப் போனாலும் கதை புரியும்.